ஒய்.பி. வந்துகொண்டே இருக்கிறார்

ஒரு மனிதரை வெறுக்க எனக்குக் கிடைத்த வசதி எங்கள் ஊரில் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது. நான் அவரை மேடையில் நின்று வெறுத்தேன். கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக, வாய் நிறையச் சிரித்துக்கொண்டே வெறுத்தேன்.

வாரநாட்களில் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் எனக்கு வேலை. சனி, ஞாயிறுகளில் நான் எம்.சி., மேடையில் நிகழ்ச்சி நடத்துகிறவள். கோயில் விருந்து, தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா, சங்கத்துக் கூட்டம், கல்யாண வரவேற்பு என்று கிள்ளான் வட்டாரத்தில் எங்கே மைக் இருக்கிறதோ அங்கே நான் இருப்பேன். என் தமிழ் நன்றாக இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். உண்மை அது இல்லை. சொல்வதற்கு ஒன்றுமே இல்லாதபோதும் நான் நிறுத்தாமல் பேசுவேன். அதற்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அந்தத் திறமையை என்னிடம் வளர்த்துவிட்டவர் எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்.

இங்கே சட்டமன்ற உறுப்பினரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒய்.பி. என்போம். மாண்புமிகு என்பதற்கு மலாயில் அப்படிச் சொல்வது வழக்கம். நானும் இதில் அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அதையும் ஒரு விளம்பரமாக எடுத்துக்கொள்வார். பல தவணை தொடர்ந்து ஜெயித்தவர். நான் பள்ளிக்கூடம் முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி, பிள்ளைகள் பெற்ற காலம் முழுவதும் அவர்தான் எங்களுக்கு ஒய்.பி.

ஆள் உயரம். பாத்திக் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. மை பூசிய தலைமுடி. அவர் மண்டபத்துக்குள் நுழைவதற்கு முன்பே அவருடைய சென்ட் வாசனை நுழைந்துவிடும். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு, நடுவழியில், ஒவ்வொரு வரிசையாக நின்று நின்று வருவார். லஞ்சம், பெண் விவகாரம், காட்டுமரக் கடத்தல் என்று அவர்மேல் யாரும் ஒன்றும் சொல்லிவிட முடியாது. அப்படி ஏதாவது இருந்திருந்தால் எனக்கு எழுதுவது சுலபமாகியிருக்கும். அவரிடம் இருந்தது ஒரே ஒரு குணம். காக்க வைப்பார்.

ஒரு தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழா. குத்துவிளக்கை அவர்தான் ஏற்ற வேண்டும். அவர் வராமல் விளக்கு இல்லை, விளக்கு இல்லாமல் ஆட்டம் இல்லை. மேடையின் ஓரத்தில் ஆடப்போகிற பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்திருந்தார்கள். மண்டபத்தில் ஏர்கோன் வேலை செய்யவில்லை. பிள்ளைகளின் கண்மை கன்னத்துக்கு வந்துவிட்டது. நான் திருக்குறள் சொன்னேன், விடுகதை போட்டேன், பள்ளியின் வரலாற்றை இரண்டுமுறை சொன்னேன். நடுநடுவே, "மாண்புமிகு அவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்" என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். காலில் சலங்கை கட்டிய ஒரு சின்னப் பெண் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, அவரு வந்தாத்தான் ஒண்ணுக்குப் போவலாமா?"

வரிசை கலையக்கூடாது என்று யாரோ மிரட்டி வைத்திருந்தார்கள். நான் அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்விட்டுத் திரும்பும்போதுதான் அவருடைய கார் வந்தது. உள்ளே வந்தார். எல்லார் முகத்தையும் பார்த்தார். கையை விரித்து, "என்னா, எல்லாரும் சோந்து போயிட்டீங்க? அதான் நான் வந்துட்டேன்ல!" என்றார். மண்டபமே கைதட்டியது. அந்தக் கைதட்டல் இனிச் சாப்பாடு கிடைக்கும் என்பதற்கு. அவர் அதைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டு இன்னொருமுறை கும்பிட்டார்.

எனக்குத் தெரிந்து அவர் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்டதில்லை. பேச்சைத் தொடங்கும்போதே, "எந்தத் தொகுதிக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. இப்படி ஒரு ஜனம் ஒக்காந்திருக்குமா? என் மக்கள் எனக்காகக் காத்திருப்பாங்க" என்பார். தாமதம் அவருக்குக் குறையே இல்லை, பெருமை. தன்மேல் ஜனங்களுக்கு எவ்வளவு பாசம் என்று அதை வைத்துத்தான் அளந்தார். என்னை அவர் இத்தனை வருடமும் "தங்கச்சி" என்றுதான் கூப்பிட்டார். பெயர் தெரியாது. எத்தனையோ மேடையில் அவருக்காகத் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை.

வேலை அதிகம், பாவம், எத்தனை இடத்துக்குத்தான் ஒரு மனிதர் போவார் என்று நானும் சில காலம் நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்குப் பிரிக்பீல்ட்ஸில் முடிவு வந்தது. அங்கே ஒரு சங்கத்தின் இரவு விருந்து. மாடியில் மண்டபம். அன்றைக்கு மைக்கில் பேட்டரி தீர்ந்துபோனது. பக்கத்துக் கடையில் வாங்கி வரலாம் என்று கீழே இறங்கினேன். மண்டபத்துக்கு நேர் கீழே ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. உள்ளே, விசிறிக்குக் கீழே, ஒய்.பி. உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டு முடித்து இலையை மடித்துவிட்டு, பல்குச்சியோடு சாய்ந்திருந்தார். எதிரில் அவருடைய உதவியாளர். எப்போதும் கையில் இரண்டு போன் வைத்திருக்கும் நடுவயது ஆள். மாடிப்படியை ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "முக்கால்வாசி ரொம்பிரிச்சி ஒய்.பி." என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் ஒய்.பி.க்குக் கூச்சமே இல்லை.

"வா தங்கச்சி. தே தாரிக் குடிக்கிறியா?"

"மேல எல்லாரும் ஒங்களுக்காகத்தான் ஒக்காந்திருக்காங்க, ஒய்.பி."

"தெரியும்லா. நீ எத்தன வருசமா மைக் புடிக்கிற? இது தெரியலையே ஒனக்கு. நேரத்துக்குப் போய் ஒக்காந்தா நான் கூட்டத்துல ஒருத்தன். யாரு திரும்பிப் பாப்பா? கொஞ்சம் ஏங்க விட்டுப் போகணும். அப்பத்தான் ஒய்.பி."

நான் பேட்டரியை வாங்கிக்கொண்டு மேலே போனேன். "மாண்புமிகு அவர்கள் போக்குவரத்து நெரிசலில் இருப்பதாகத் தகவல்" என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? சாம்பார் வாசனையோடு அவர் மேடையேறி என் பக்கத்தில் நின்றபோது அவரைக் கீழே தள்ளிவிடலாமா என்று இருந்தது.

அப்படியென்றால் இவரை ஏன் திரும்பத் திரும்ப ஜெயிக்க வைத்தீர்கள் என்று என் மகள் கேட்பாள். அதற்கு நான் அஞ்சலை அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அஞ்சலை அக்கா எங்கள் அடுக்குமாடியில் எங்களுக்கு மேல்மாடி. காலையில் கீழே கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் மேசை போட்டு இட்லி, வடை, நாசி லெமாக் விற்பார். அந்த மேசைக்கு வராத வீடு எங்கள் பிளாக்கில் கிடையாது. யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், யார் வீட்டுப் பையன் வேலையை விட்டுவிட்டான், யாருக்கு ஆப்பரேஷன் என்று எல்லாமே இலையில் வடை வைக்கும் நேரத்தில் அவர் காதுக்கு வந்துவிடும். கட்சியின் மகளிர் பிரிவுக்கும் அவர்தான் தலைவி. தேர்தல் நாளில் விடிந்ததும் ஒவ்வொரு மாடியாகப் போய்க் கதவைத் தட்டுவார். கிழவிகளுக்குச் சேலை கட்டிவிட்டு வேனில் ஏற்றுவார். கோபித்துக்கொண்டு படுத்திருப்பவர்களை எழுப்பி, "கொஞ்சம் பொறுங்க லா, நம்ம ஒய்.பி. செய்வாரு. நான் சொல்றேன்ல" என்பார். அவர் சொன்னால் எங்கள் பிளாக் கேட்கும். பக்கத்து இரண்டு பிளாக்கும் கேட்கும். தன் வெற்றி செராமா என்கிற பிரச்சாரக் கூட்ட மேடைகளில் பேசி வந்தது என்று ஒய்.பி. நினைத்துக்கொண்டிருந்தார். அது அஞ்சலை அக்காவின் வாயால் வந்தது.

அக்கா சும்மா அப்படி ஆகிவிடவில்லை. அவருடைய மகன் சேகருக்குச் சின்ன வயதில் சூராட் பெரானாக் இல்லை, பிறந்ததற்கு அரசாங்கத்தின் பத்திரம் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டேன் என்றார்கள். அப்போது முதல் தவணையில் இருந்த இந்த மனிதர், பழைய புரோட்டோன் காரில், அக்காவையும் பையனையும் ஏற்றிக்கொண்டு பதிவு இலாகாவுக்குப் போனார். காலையிலிருந்து அலுவலகம் மூடும்வரை அவர்களோடு வரிசையில் நின்றார். ஒருநாள் மட்டும் இல்லை, பத்திரம் கிடைக்கும்வரை. மதியம் பையனுக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்து, தானும் அதையே தின்றிருக்கிறார். இதை நான் மறைக்கவில்லை. அக்கா இதை எனக்குச் சொல்லும்போதெல்லாம், "எனக்காகக் காத்திருந்த மனுசன்டி அவரு" என்பார். எனக்கு அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். காத்திருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்த மனிதர் அவர்.

எங்கள் பிளாக்கில் லிஃப்ட் கெட்டுப்போனது. சரிசெய்வார்கள், கெடும், சரிசெய்வார்கள், கடைசியில் ஒரேயடியாக நின்றுவிட்டது. அக்காவின் கணவர் கோபால் அண்ணன் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். சர்க்கரை நோயில் ஒரு பாதத்தை எடுத்துவிட்டார்கள். லிஃப்ட் நின்ற பிறகு அவரால் கீழே வர முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மட்டும் பிளாக்கின் ஆண்கள் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். மற்ற நாளெல்லாம் ஜன்னல்தான். அக்கா ஒய்.பி.யின் சேவை மையத்துக்குப் போனார். "பொறுங்க அக்கா, புரோசஸ்ல இருக்கு" என்றார்கள். மறுபடியும் போனார். மறுபடியும் அதே பதில். பிளாக்கில் ஆட்கள் முணுமுணுத்தார்கள். அக்கா வழக்கம்போல, "கொஞ்சம் பொறுங்க லா" என்றார்.

கோபால் அண்ணனுக்கு ஒய்.பி.யைப் பிடிக்காது. நான் மாடிக்குப் போனால் கிண்டல் செய்வார்.

"என்னா எம்.சி., ஒங்க ஒய்.பி. மாதிரியேதான் இந்த லிஃப்ட்டும். வருது, வருதுங்குறாங்க. வரத்தான் மாட்டேங்குது."

"சும்மா கெடங்க" என்று அக்கா உள்ளிருந்து அதட்டுவார். "அவரு இல்லன்னா ஒங்க புள்ள இன்னிக்கு சிங்கப்பூர்ல வேல செய்ய முடியுமா?"

"அதத்தான் நீ தேர்தலுக்குத் தேர்தல் திருப்பிக் கொடுக்குறியே. இன்னும் தீரலையா?"

உள்ளிருந்து கரண்டிச் சத்தம்தான் கேட்கும்.

தேர்தலுக்குச் சில மாதம் முன்பு கோபால் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். நாற்காலியோடு தூக்கி இறக்கிய அதே ஆட்கள்தான் உடலையும் படி வழியாக இறக்கினார்கள். திருப்பத்தில் சாய்க்காமல் இறக்க முடியவில்லை. அக்கா சுவரோரமாக நின்று, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கீழே கூடாரம் போட்டிருந்தோம்.

காலையிலேயே ஒய்.பி. அக்காவுக்கு போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் குரல் எனக்கும் கேட்டது. குரலில் நல்ல துக்கம்.

"அக்கா, நான் வராம எடுத்துடாதீங்க. என் அண்ணன் மாதிரி அவரு. ஒரு நிகழ்ச்சி இருக்கு, முடிச்சிட்டு நேரா வந்திர்றேன்."

"சரிங்க ஒய்.பி." என்றார் அக்கா. போனை வைத்துவிட்டு, "பாத்தியா, நான் சொல்லல?" என்று என்னிடம் சொன்னார். அந்த நேரத்திலும் அவர் முகத்தில் சின்னதாக ஒரு பெருமை.

மின்சுடலையில் நான்கு மணிக்கு இடம் எடுத்திருந்தார்கள். மதியத்துக்குப் பிறகு பண்டாரம் சடங்கைத் தொடங்கினார். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்தார்கள். வாய்க்கரிசி போட்டாயிற்று. அதற்குப் பிறகு எடுக்க வேண்டியதுதான். சவ ஊர்தி பின்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது.

"ஒரு பத்து நிமிசம் சாமி. ஒய்.பி. வந்துக்கிட்டே இருக்காரு" என்றார் அக்கா.

பண்டாரம் என்னைப் பார்த்தார். "வாய்க்கரிசி போட்டாச்சும்மா. இதுக்கு மேல வெச்சிருக்கக் கூடாது" என்றார்.

"வார்த்த குடுத்துட்டேன் சாமி."

பத்து நிமிடம் அரை மணி ஆனது. ஊர்தி ஓட்டி வந்தவர் கடிகாரத்தைக் காட்டி, "அக்கா, நாலு மணி விட்டா இன்னிக்கு வேற எடம் இல்ல லா. நாளைக்குத்தான்" என்றார். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த சேகர் தலையை மழித்து, ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தான். "அம்மா, போதும்மா. அப்பாவ எடுத்திரலாம்மா" என்றான்.

"அவரு இல்லன்னா ஒனக்கு சூராட் பெரானாக் ஏதுடா, ஐ.சி. கார்டு ஏதுடா?" என்றார் அக்கா. சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. சேகர் தள்ளிப்போய் நின்றுகொண்டான். எங்கள் பிளாக்கின் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒய்.பி. வருவார் என்று அக்கா அவர்கள் எல்லார் முன்னாலும் சொல்லியாகிவிட்டது. அன்றைக்கு அவர் வராவிட்டால் அக்காவின் வார்த்தைக்கு அந்தப் பிளாக்கில் இனி என்ன மதிப்பு? பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, கணவரின் முகத்தில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டே, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒய்.பி.யின் உதவியாளர், அந்த இரண்டு போன்காரர், வந்தார். பெரிய மலர்வளையம் ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார். அதில் ஒய்.பி.யின் பெயர் கோபால் அண்ணன் பெயரைவிடப் பெரியதாக இருந்தது. தேவாரம் பாடவந்தவர்களின் மைக்கை எடுத்து என் கையில் திணித்தார்.

"சிஸ்டர், ஒய்.பி. ஆன் த வே. ஒரு நாலு வார்த்த பேசிக்கிட்டு இருங்க. ஜனங்க கலையாம இருக்கணும்."

நான் மைக்கை அணைத்தேன்.

"மனுசன் செத்துக் கெடக்குறாரு. இங்க என்னா விருந்தா நடக்குது? நான் என்னா பேசணும்? விடுகத போடவா?"

"ஏன் சிஸ்டர் கோவப்படுறீங்க..."

"ஒங்க ஒய்.பி.ய போய்க் கூட்டிக்கிட்டு வாங்க. எங்க சாப்புட்டுக்கிட்டு இருக்காரோ அங்கேருந்து."

மைக்கை அவர் கையிலேயே திருப்பித் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆளுக்கு வெட்கமே இல்லை. தானே பேசத் தொடங்கினார். அமரர் கோபால் அவர்கள் நம் ஒய்.பி.யின் தீவிர ஆதரவாளர் என்றார். ஒய்.பி. இந்தத் தொகுதிக்கு என்னென்ன செய்தார் என்றார். ஒரு செத்த மனிதர் எழுந்து சிரிக்க முடியுமானால் கோபால் அண்ணன் அன்றைக்குச் சிரித்திருப்பார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். விசிறி மட்டும் நிற்கவில்லை.

நான்கு மணி போனது. ஊர்தி ஓட்டுநர் யாரிடமோ போனில் பேசிவிட்டுக் கதவைச் சாத்தினார். கூட்டத்தில் பாதி கலைந்தது. மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாயும் நேரத்தில் கறுப்புக் கார் வந்து நின்றது. ஒருவர் குடை பிடிக்க, இன்னொருவர் கேமராவோடு முன்னால் ஓட, ஒய்.பி. இறங்கினார். சட்டையில் யாரோ குத்திவிட்ட பூ அப்படியே இருந்தது. சுபாங் ஜெயாவில் ஓர் உணவகத் திறப்புவிழா. ரிப்பன் வெட்டுகிற படத்தை அவரே ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார், சேகர் எனக்குக் காட்டினான்.

கூடாரத்துக்குள் வந்தார். பெட்டியைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. நான் பொய் சொல்லவில்லை, மலர்ந்தது.

"நல்லவேள, இன்னும் எடுக்கல!"

பிறகு மிச்சமிருந்த கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, அக்காவின் தோளில் கையை வைத்து, "பாத்தீங்களா? எனக்காக நிறுத்தி வெச்சிருக்காங்க. இதான் எங்க அக்கா!" என்றார்.

மாலை போட்டார். கண்ணை மூடிக் கும்பிட்டார். படம் எடுத்தார்கள். சேகர் கையைப் பிடித்து, "தம்பி, என்னா படிக்கிற?" என்று கேட்டார். அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். வந்த வேகத்திலேயே போய்விட்டார். அன்று இரவு முழுவதும் ஐஸ்பெட்டியில் வைத்துக் காவல் இருந்து, மறுநாள்தான் கோபால் அண்ணனை எடுத்தோம். வாய்க்கரிசி போட்ட உடலை இரவெல்லாம் வைத்திருந்ததற்குப் பண்டாரம் ஏதோ பரிகாரம் சொன்னார். அக்கா அதையும் செய்தார். ஒய்.பி.யை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் திட்டினேன், அக்காவுக்கும் சேர்த்து. "விடுடி" என்றார்.

தேர்தல் வந்தது. ஒய்.பி. எப்போதும்போல எல்லாம் செய்தார். கொடி, பதாகை, அரிசிப்பை, அவர் முகம் போட்ட குடை. எதிரில் நின்றவர் புதுமுகம். அவர் பெயரைப் பலகையைப் பார்த்துத்தான் நாங்கள் படித்தோம். செராமாவுக்கு ஒய்.பி. வழக்கம்போல் தாமதமாக வந்தார். வந்து பார்த்தால் பாதி நாற்காலி காலி. இரண்டு போன்காரர் மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. "மழை" என்று யாரோ அவருக்குச் சமாதானம் சொன்னார்கள். அக்காவிடம் ஆள் அனுப்பினார்கள். உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டார்.

வாக்களிப்பு நாளில் நான் காலையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இத்தனை வருடமும் என் கதவைத்தான் அக்கா முதலில் தட்டுவார். அன்று தட்டவில்லை. வெளியே வந்து பார்த்தேன். வெள்ளைச் சேலையில், தனியாக, படியின் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். யாரையும் கூப்பிடவில்லை. போன கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான்.

அக்கா செய்ததெல்லாம் அதுதான். ஆனால் எங்கள் பிளாக்கில் அன்றைக்கு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் ஓ.டி. இருக்கிறது என்று பையன்கள் கிளம்பிப் போனார்கள். சாலாக் செலாத்தானில் சொந்தக்காரர் வீட்டு விருந்து என்று ஒரு குடும்பமே காரில் ஏறிப் போனது. கிழவிகள் சேலை கட்டிவிட ஆளில்லாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுப் போடப் போனவர்களில் பாதிப்பேர் புதுமுகத்துக்குப் போட்டார்கள். "அக்கா ஒண்ணும் சொல்லலையே" என்றார்கள், அனுமதி கிடைத்துவிட்ட மாதிரி. நானும் போனேன். யாருக்குப் போட்டேன் என்று சொல்லத் தேவையில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் என் கல்யாணப் பதிவில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை.

தோற்றார். ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காருகிற அளவு வாக்குகூட இல்லை வித்தியாசம். பத்திரிகைகளில் என்னென்னவோ எழுதினார்கள். இளைஞர் வாக்கு என்றார்கள், தொகுதி எல்லை என்றார்கள், கட்சிக்கு எதிரான அலை என்றார்கள். படித்தவர்கள் சொல்கிறார்கள், சரியாகவும் இருக்கலாம். எங்கள் மூன்று பிளாக்கைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

முடிவு வந்த சில நாள் கழித்து நான் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கதவில் யாரோ தட்டினார்கள். திறந்தால் அவர். தனியாக வந்திருந்தார். அத்தனை மாடியும் படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. பாத்திக் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஒரு நிமிடம் எனக்கு அவர் யாரோ ஒரு வயதான அங்கிள் மாதிரித் தெரிந்தார். இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் எழுதியிருப்பேன்.

அக்கா நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். "ஒக்காருங்க ஒய்.பி." என்றார். இப்போது அவர் ஒய்.பி. இல்லை என்று எனக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அக்காவுக்காக அடக்கிக்கொண்டேன்.

தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு கேட்டார்.

"அக்கா, மறைக்காம சொல்லுங்க. நீங்களுமா எனக்குப் போடல?"

"போட்டேன் ஒய்.பி. ஒங்களுக்குத்தான் போட்டேன்."

நான் திடுக்கிட்டு அக்காவைப் பார்த்தேன். அது பொய் சொல்கிற முகமாக இல்லை. ஒய்.பி.க்கும் அது புரிந்திருக்க வேண்டும்.

"அப்ப ஏன்க்கா இந்த பிளாக்குல இப்படி ஆச்சு? நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே. ஒங்க வார்த்தைய யாரு தட்டியிருக்காங்க?"

"சொல்லலாம்னுதான் கதவு வரைக்கும் போனேன்" என்றார் அக்கா. "எப்பவும் சொல்றதுதானே. கொஞ்சம் பொறுங்க, வருவாரு, செய்வாருன்னு. வாய் வரல. எம்புருசன் பொணத்தையே காக்க வெச்ச வாய் ஒய்.பி. இது."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். சமையலறையில் கேஸ் எரிகிற சத்தம் கேட்டது. எழுந்தார். வாசல்வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டே, பழக்கதோஷத்தில் சொன்னாரோ, நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னாரோ தெரியாது.

"சரிக்கா. அடுத்த தடவ பாத்துக்கலாம். நீங்க இருக்கீங்கல்ல."

"இருக்கேன் ஒய்.பி." என்றார் அஞ்சலை அக்கா. "அடுத்த தடவையும் ஒங்களுக்குத்தான் போடுவேன். ஆனா என்னோட ஓட்டு மட்டுந்தான்."